விதை நெல் சால்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஏதோ ஒரு வாட்ஸப் நகைச்சுவையைப் படித்துவிட்டு, "தாத்தா, எங்கப்பன் குதிருக்குள் இல்லைன்னா என்ன?" என்று கேட்டான். கதையைச் சொன்னேன். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று, "உங்கப்பன் எங்கேடா?" என்று கேட்கிறார். அப்பன் உள்ளே ஒளிந்திருக்கிறான். பையன் புத்திசாலித்தனமாக, "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று சொல்லி மாட்டிவிடுகிறான். பேரன் சிரிக்கவில்லை. "குதிர்னா என்ன?" என்றான். பெரிய பானை என்றேன். "பானைக்குள்ள ஆள் எப்படி ஒளிய முடியும்?" என்றான். நியாயமான கேள்விதான். எழுபத்தைந்து வயதில், நெல் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கைகளை அகல விரித்துக் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. காட்டுவதற்கு வீட்டில் ஒரு குதிர்கூட இல்லை. அது ஏன் இல்லை என்பதில் என் பங்கும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, நாச்சியார்கோயில் போகும் வழியில் என் தாய்மாமா வீடு. நான் பிறந்து வளர்ந்தது காரைக்கால். பள்ளி விடுமுறை விட்டால் மறுநாள் அம்மாச்சி வீடு. அந்த வீட்டின் இரண்டாம் கட்டில், வெளிச்சம் வராத ஒரு மூலையில் குதிர் நின்றது. சூளையில் சுட்ட மண் உறைகள் நான்கு, ஒன்றின் மேல் ஒன்று. சந்துகளைக் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசியிருந்தார்கள். அடியில் செங்கல் வைத்து மேடு கட்டியிருக்கும், தரையின் ஈரம் ஏறாமலிருக்க. மேலே மூடி, அதற்கும் சாணப் பூச்சு. கீழ் உறையில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதில் வைக்கோல் பிரியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். பிரியை உருவினால் நெல் தானாகக் கொட்டும். மேலே போட்ட நெல் மேலே, முதலில் போட்டது முதலில் வெளியே. அரசாங்கக் கிடங்குகளில் பழைய சரக்கை முதலில் எடு என்று சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை அனுப்பி நாங்கள் நடத்தப் பார்த்ததை அந்தத் துவாரம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

உறைகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து உள்ளே வைத்துத்தான் அடுக்குவார்கள். அடுக்கிப் பூசிய பிறகு எந்த வாசல் வழியாகவும் வெளியே போகாது. உறைகிணறும் இதே வேலைப்பாடுதான். அங்கே உறை மண்ணுக்குள் இறங்குகிறது, இங்கே மேலே ஏறுகிறது. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் உறைகிணறுகள் கிடைத்திருக்கின்றன என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மாமா வீட்டுக் குதிர்தான் ஞாபகம் வரும். சில ஊர்களில் சுடாத குதிரும் உண்டு. களிமண்ணோடு வைக்கோலும் உமியும் மிதித்துக் கலந்து, பெண்களே கையால் சாண் சாணாக எழுப்பி, வெயிலில் காயவிட்டுச் செய்வது.

குதிருக்குப் பக்கத்தில் வரிசையாகச் சால்கள். குதிர் நெல்லுக்கு, சால் மற்றதற்கு. உளுந்து, பயறு, புளி, வெல்லம் எல்லாம் சாலில். பயறுக்குச் சாம்பல் கலந்து வைப்பார்கள், நெல்லுக்கு நொச்சித் தழை, வேப்பிலை. சால் என்றால் என் மார்பு உயரம் (அப்போது எனக்குப் பத்து வயது). பெரிய சாலைச் சக்கரத்தில் வனைய முடியாது. அடிப்பகுதியை வனைந்து, மேலே மண் திரியைச் சுற்றிச் சுற்றி ஏற்றி, உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி விரிப்பார்கள். அய்யனார் கோயில் குதிரையைச் செய்கிற அதே வேளார்களின் கை. தோளில் கயிறு சுற்றினாற்போல் ஒரு வரி ஓடும். இன்று அதைப் பார்த்துவிட்டு என்ன அழகான டிசைன் என்கிறார்கள். அழகுக்கும்தான். ஆனால் இரண்டு பகுதிகள் சேருகிற இடத்துக்கு அது ஒரு கட்டு.

கடைசிச் சால் விதை நெல் சால். விதையை வைக்கோலில் கோட்டை கட்டி வைப்பவர்கள்தான் அதிகம். எங்கள் அம்மாச்சிக்கு எலி பயம், அதனால் சாலில் போட்டு, மடக்கால் மூடி, சாணி மெழுகிவிடுவார். தை அறுவடை முடிந்து மெழுகினால், நாற்றங்காலுக்கு எடுக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. வீட்டில் அரிசி தீர்ந்த நாளிலும் தொட்டதில்லை என்பார்கள். அதன் தோளில் ஒரு விரிசல். தாத்தா சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்து அடைத்திருந்தார். வெள்ளையாகக் கோணலாக ஓடும் அந்தக் கோடு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் ஊரின் பெயரே ஒரு பானையின் பெயர். பிரளய வெள்ளத்தில் அமுதமும் படைப்பு வித்துக்களும் வைத்த கும்பம் மிதந்து வந்து இங்கே தங்கியது, சிவபெருமான் வேடனாக வந்து அம்பெய்து அதை உடைத்தார் என்பது தலபுராணம். அம்பு எய்த இடம் பாணாதுறை. கும்பத்தின் வாய் போய் விழுந்த இடம் குடவாயில், இன்றைய குடவாசல். உடைந்த ஓட்டையும் மணலையும் சேர்த்துப் பிடித்த லிங்கம்தான் ஆதி கும்பேசுவரர். மண் திருமேனி என்பதால் அவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகுச் சட்டம்தான். தேவாரக் காலத்துப் பெயர் குடமூக்கு. அமுதத்தோடு வித்துக்களையும் சேர்த்து வைத்தார்களே, அதைக் கவனியுங்கள். உலகம் அழியப் போகிறது என்றதும் பிரம்மாவுக்கே முதலில் தோன்றியது விதையைப் பானையில் போட்டுப் பத்திரப்படுத்துவதுதான். அம்மாச்சி அவரோடு நன்றாக ஒத்துப்போயிருப்பார்.

நெல் சேமிப்பு இங்கே எவ்வளவு பழையது என்பதற்குச் சங்க நூல்களே போதும். பெரும்பாணாற்றுப்படையில் மருத நிலத்து வீட்டை வர்ணிக்கும் இடத்தில், ஏணி எட்டாத உயரத்துக்கு நெற்கூடுகள் நிற்கின்றன. உச்சியைத் திறந்து மேலே மேலே போட்ட பழைய நெல் உள்ளே கிடக்கிறது. வீடு சிறியதோ பெரியதோ, பழைய நெல்லுக்குத்தான் மரியாதை. புது அரிசி குழையும், வயிற்றுக்கு ஆகாது என்று ஒரு வருஷமாவது கிடந்த நெல்லைத்தான் குத்துவார்கள். ஆகவே குதிர் என்பது பஞ்சத்துக்கு மட்டும் வைத்த காப்பு இல்லை. ருசிக்கும் அதுதான்.

அரசாங்கக் குதிரையும் பார்க்கலாம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் பாபநாசத்தை ஒட்டி திருப்பாலைத்துறைக் கோயில். வளாகத்துக்குள் செங்கல்லால் கட்டிய ஒரு வட்ட நெற்களஞ்சியம், கூம்பு மாதிரி உச்சியோடு நிற்கிறது. தஞ்சை நாயக்கர் காலம், 1600க்கும் 1634க்கும் இடையில் கட்டியது என்கிறார்கள். அதாவது ரகுநாத நாயக்கர் ஆட்சி. கொள்ளளவு 3,000 கலம். 12 மரக்கால் ஒரு கலம், எங்கள் பக்கத்துக் கணக்கில் 2 கலம் ஒரு மூட்டை. அப்படியானால் 1,500 மூட்டை. நான் முதல்முறை பார்த்தபோது அண்ணாந்து நின்று, "அம்மாச்சி வீட்டுக் குதிரைப் பிடித்து நாயக்கர் ஊதிவிட்டார்போல இருக்கிறதே" என்று சொன்னேன். கூட வந்த நண்பருக்கு நான் வரலாற்றை அவமதித்ததாகக் கோபம். உருவம் ஒன்றுதான் சார், போய்ப் பாருங்கள். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. கொடி மாறியது, பள்ளியில் பாடம் மாறவில்லை. ப்ரெவே வரை அப்படியே ஓடியது. எங்கள் மிசியே ஒருவர், கிரேக்க ஞானி தியோழேன் ஒரு தொன்னோவில் வாழ்ந்தார் என்று சொல்லிக்கொடுத்தார். தொன்னோ என்றால் மரப்பீப்பாய். புத்தகத்திலும் பீப்பாய்ப் படம்தான் போட்டிருந்தது. வெகு காலம் கழித்துத் தெரிந்தது, அந்த மனிதர் கிடந்தது பீப்பாயில் இல்லை, எண்ணெயும் தானியமும் வைக்கும் பித்தோஸ் என்கிற பெரிய மண் தாழியில். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பீப்பாய் பழக்கம், தாழி பழக்கமில்லை. தங்கள் வீட்டில் இருந்த சாமானை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பண்டோராவின் பெட்டியும் அப்படித்தான். கிரேக்கக் கதையில் அது பெட்டியே இல்லை, அதே பித்தோஸ். மொழிபெயர்ப்பில் பெட்டியாகிவிட்டது. காரைக்கால் பையன்களான எங்களிடம் மிசியே கேட்டிருக்கலாம். ஆள் ஒளிகிற பானை உண்டா என்றால் வகுப்பே கை தூக்கியிருக்கும்.

எங்கள் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் கிடைத்ததும் சேமிப்பு ஜாடிகள்தான். 1944இல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரியில் ஒரு ரோமானிய அம்போரா ஜாடியின் உடைந்த துண்டைப் பார்த்தார், மறு வருஷம் அரிக்கமேட்டைத் தோண்டினார். கடல் தாண்டித் திராட்சை மதுவும் எண்ணெயும் மீன் சாறும் அந்த ஜாடிகளில் வந்திருக்கின்றன. ரோமாபுரியிலேயே எண்ணெய் ஜாடிகளை உடைத்துக் கொட்டிய ஓடுகள் ஒரு குன்றாகவே நிற்கிறதாம், மொந்தே தெஸ்தாச்சோ என்று பெயர். எண்ணெய் ஊறிய ஜாடியை மறுபடி பயன்படுத்த வழியில்லை. நம் ஊரில் அப்படி ஒரு ஓட்டுக் குன்று வந்திருக்காது. உடைந்த பானை இங்கே அத்தனை வேலை பார்த்தது. அடிப்பாகம் வறுவோடு. கழுத்து வளையம் பானைக்குப் பிரிமணை. துண்டு ஓடு பக்கத்து வீட்டிலிருந்து நெருப்பு வாங்கிவர. அதிலும் சிறியது பாண்டி ஆட்டத்துக்குச் சில்லு. முழுசாக ஓட்டை விழுந்தால் சுண்ணாம்புப் புள்ளி வைத்து, கொம்பில் கவிழ்த்து, திருஷ்டிக்காக வயலில் நட்டுவிடுவார்கள். பழைய பானையை அலங்காரமாக வைப்பது விடுதிக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல.

குதிர் எல்லா வீட்டிலும் இருந்தது என்று எழுதினால் பொய். எங்கள் ஊர்த் தெருவில் ஐந்தாறு வீட்டில்தான் இருந்தது. அந்த நெல்லை விளைவித்தவர்களின் குடிசையில் ஓர் அடுக்குப் பானை, அதுவும் ஆடி மாதத்தில் காலியாக. கூலியை மரக்காலில் அளந்தார்கள். என் தாத்தா குத்தகை நெல் வாங்கும்போது மரக்காலில் கூம்பு நிற்கும், கூலி கொடுக்கும்போது தலை தட்டி வழித்துவிடுவார். சிறுவனாக நான் இதைப் பார்த்திருக்கிறேன். அது கணக்குப் போடும் முறை என்றுதான் நினைத்தேன். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கூலி நெல்லில் இன்னும் கொஞ்சம் கேட்டதன் தகராறு முற்றித்தான், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். காரைக்காலிலிருந்து அது தூரமில்லை. மறுநாள் செய்தி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு மாமா வீட்டுக் குதிரைப் பார்க்கும்போது பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. இன்று பழம்பொருள் விற்பவர்கள் 'கிராமிய வாழ்வின் எளிமை' என்று அதன் மேல் அட்டை மாட்டுகிறார்கள். எளிமையா? அந்தக் காலத்தில் அதுதான் ஊரின் பேங்க் லாக்கர்.

குதிர் ஏன் காலியாயிற்று? ஒரே நாளில் அல்ல. 1960இல் தஞ்சை மாவட்டத்துக்குப் பேக்கேஜ் திட்டம் வந்தது. சில வருஷங்களில் ஆடுதுறை 27, பின்னாலேயே ஐஆர் 8. விளைச்சல் கூடியது, உரக் கடனும் கூடியது. கடன் இருப்பவன் நெல்லை வருஷக் கணக்கில் பூட்டி வைக்க முடியாது, களத்திலிருந்தே வண்டி ஏற்ற வேண்டும். லெவி அதிகாரிகள் வருவார்கள் என்ற பயத்தில் கொஞ்ச காலம் குதிர் மறுபடி ரகசிய அறையாயிற்று. பழமொழி உண்மையாக நடந்த காலம் அது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம், பிறகு ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம். வீட்டில் அண்டா வைத்து நெல் அவித்தது போய் மில்லில் அவியல். எஞ்சியதற்குச் சாக்கு. பிறகு அந்தச் சாக்கும் பிளாஸ்டிக். குதிருக்குள் கோழி அடைகாத்ததை நானே பார்த்தேன்.

மாமா வீட்டில் பாகம் பிரித்தது 1994இல். மாமா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மாமா பிள்ளைகள் இருவரும், எழுதப்படிக்கத் தெரிந்த அத்தான், அதிலும் கவர்ன்மென்ட் ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாத்திரம் பண்டம் எல்லாவற்றுக்கும் நான்தான் பட்டியல் எழுதினேன். இரண்டு பிரதி, நடுவில் கார்பன். பித்தளைக்கு எடை போட்டோம், மரத்துக்கு விலை போட்டோம். மண் சாமானுக்கு என்ன போடுவது? பட்டியலில் 'இதர மண்பாண்டங்கள், மதிப்பில்லை' என்று எழுதினேன். அலுவலகப் பழக்கம். அந்த வாரமே ஒரு பழம்பொருள் வியாபாரி டெம்போவோடு வந்தார். சால் ஒன்றுக்கு 150 ரூபாய். ஐந்து சால், 750. மதிப்பில்லாததற்கு 750 வந்ததே என்று எங்களுக்குச் சந்தோஷம். குதிர் உறைகள் வேண்டாம் என்றுவிட்டார். மனை இடிக்கும்போது கடப்பாரையால் தட்டினார்கள், உறைகள் நான்கும் ஓடாகிவிட்டன.

அம்மாச்சிக்கு அப்போது தொண்ணூறு நெருக்கம். பார்வை மங்கல், காது கூர்மை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், டெம்போ கிளம்பும் சத்தம் கேட்டு, "ஏம்ப்பா, விதை நெல்லு சாலையுமா ஏத்திட்டானுவ?" என்றார்.

"இல்ல அம்மாச்சி. அது உள்ளதான் இருக்கு" என்றேன்.

அந்தச் சாலில் விதை போட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. விதை டிப்போவிலிருந்து மூட்டையாக வந்துகொண்டிருந்தது. அதனால் பெரிய பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகும் இரண்டு தை அவர் இருந்தார். இரண்டு தையிலும், "விதைய வெயில்ல போட்டு எடுத்து வச்சீங்களா?" என்று கேட்டாராம். ஆச்சு ஆச்சு என்று மாமா மருமகளும் சொன்னாளாம். நான் ஆரம்பித்த பொய்யை அந்தப் பெண் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் எண்பதாம் கல்யாணம், இந்தப் பக்கத்து விடுதி ஒன்றில். பழைய வீடுகளின் தூண், கதவு, ஊஞ்சல் எல்லாம் வாங்கிவந்து கோர்த்திருக்கிறார்கள். வாசலிலிருந்து சாப்பாட்டுக் கூடம்வரை ஏழு சால். ஒன்றைச் சாய்த்து வைத்து, உள்ளே மோட்டார் போட்டு, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும்படி செய்திருந்தார்கள். ஒன்றில் அல்லி மிதந்தது. அது நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை. இரண்டில் வெள்ளை வண்ணத்தில் வார்லி ஓவியம். மகாராஷ்டிரத்துப் பழங்குடிகள் சுவரில் வரைவதை நாச்சியார்கோயில் சாலில் எதற்கு வரைய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசியிருந்தது. மண் மூச்சுவிடுகிற பொருள், அதனால்தான் அதில் தானியம் புழுங்காது. வார்னிஷ் அடித்தால் அதற்குப் பிளாஸ்டிக்கே போதும்.

ஏழையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தோளில் கை வைத்துத் தடவிப் பார்த்தேன். விருந்தாளிகள் என்ன நினைத்தார்களோ. வரவேற்பில் இருந்த பையன் வந்து, "சார் எதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டான். இல்லை தம்பி என்றேன். வெள்ளைக் கோடு போட்ட சால் அதில் இல்லை. ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன், சாக்லேட் காகிதங்கள் கிடந்தன. விலை என்ன என்று அவனிடம் விசாரித்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியதாகவும், இப்போது கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னான். எங்கள் பக்கத்துச் சாமான் செட்டிநாடு போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம்.

இந்த விடுதிகளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வாங்கியிருக்காவிட்டால் அந்த ஏழும் எங்கள் குதிர் போன வழிதான் போயிருக்கும். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவில் வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்து, பானையைப் பானை இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். பேரனை அங்கே அழைத்துப் போகச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக ஒரு சால் செய்து வாங்கிவிடலாமே என்று போன மாசி மாதம் ஒரு வேளார் பட்டறைக்குப் போனேன். கார்த்திகை அகல், பொங்கல் பானை, நர்சரித் தொட்டி என்று வேலை நடக்கிறது. அளவைக் கையால் காட்டினேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். "அய்யா, இந்த அளவு எங்கப்பா தட்டுவாரு. நான் உள்ள உக்காந்து கல்லு பிடிச்சிருக்கேன். தனியா தட்டினதில்ல" என்றார். சூளையில் அவ்வளவு பெரியதை நிறுத்தி வைக்க இடமும் இல்லையாம், ஏரியில் மண் எடுக்க அலுவலகத்துக்கு நடந்தே பாதி வருஷம் போகிறதாம். நான் அந்த நாற்காலியில் இருந்தவன். அவர்கள் கொடுத்த மனுக்களில் 'பரிசீலனைக்கு' என்று எழுதி மேலே அனுப்பிய கை இது. முயற்சி பண்ணிப் பார்க்கிறேன், வெடித்தால் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றார். முன்பணம் கொடுத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

விதை நெல் சாலின் மடக்கு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. அன்றைக்கு அது திண்ணையில் அம்மாச்சி பக்கத்தில் கிடந்திருக்கிறது, வெற்றிலை நறுக்கிப் போட அவர் வைத்திருந்தார். வியாபாரி கவனிக்கவில்லை. இப்போது என் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது அதில்தான். மற்ற நாளில் என் மனைவி அதில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள், அணில் வந்து குடிக்கிறது.